கொம்பியூட்டர்காரருக்கு எந்தக் கதிரை?

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒருவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று அவரிடமே கேட்கவேண்டிய தேவை அநேகமாக வராது. அவர் வீட்டுக் கலியாணக் கார்ட் சொல்லிவிடும். கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் போட்டிருப்பார்கள்: ஓய்வுபெற்ற அதிபர், கிராம அலுவலர், சமாதான நீதவான், தாதிய உத்தியோகத்தர். மரண அறிவித்தலில் மருமக்களின் உத்தியோகமும் அவர்கள் இருக்கிற நாடும் வரிசையாக வரும். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் முன்வரிசைக் கதிரை யாருக்கு, மாலை யாருக்கு, பின்னால் நின்று கைதட்டுவது யார் என்பதையும் பெரும்பாலும் அந்த அடைப்புக்குள் இருப்பதுதான் தீர்மானிக்கிறது.

இந்த வரிசையில் எங்கே வைப்பதென்று ஊருக்கு இன்னும் பிடிபடாத ஆட்கள் நாங்கள். நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நியமனக் கடிதத்தில் ‘சீனியர் சொஃப்ட்வெயர் இஞ்சினியர்’ என்று இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் ‘கொம்பியூட்டர் வேலை’ என்பார். ஒழுங்கையால் போய்வருகிற பெரியவர்களுக்கு நான் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பெடியன். பகல் பதினொரு மணிக்குச் சாரத்தோடு கேற்றடியில் மீன்காரரைப் பார்த்து நிற்கிறவனை வேறு எப்படி நினைப்பது!

சித்தியின் மகனும் இதே துறைதான். அவனுக்குச் சம்பந்தம் பேச வந்த தரகருக்கும் சித்திக்கும் நடந்த கதை இது.

“பெடியன் என்ன செய்யிறார்?”

“இஞ்சினியர்.”

“ஆ, நல்லது. இரிகேசனோ, றோட்டோ?”

“இல்லை, சொஃப்ட்வெயர்.”

“கந்தோர் எங்க?”

“கந்தோர் கொழும்பில. இவர் வீட்டில இருந்துதான் செய்யிறார்.”

“அப்ப இன்னும் நிரந்தரமாக்கேல்லப் போல.”

சித்திக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம். ஆனால் தரகர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் பக்கத்தில் இஞ்சினியர் என்றால் நீர்ப்பாசனப் பொறியியலாளர். இரணைமடுக் குளத்தின் கீழே வயல் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அவர் யாரென்று தெரியும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதை வைத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் தேதியில் முதல் தண்ணீர் திறப்பது என்பதெல்லாம் அரச அதிபர் தலைமையில் நடக்கிற கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்தில் பொறியியலாளர் சொல்கிற கணக்கை வைத்துத்தான் மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். 2018 டிசம்பரில் வெள்ளம் வந்து ஊர்கள் மூழ்கியபோது, வான்கதவுகள் எந்த நேரத்தில் திறக்கப்பட்டன என்று பெரிய கேள்வி எழுந்தது, விசாரணையும் வைத்தார்கள். ஒருவரைப் பொறியியலாளர் என்று அழைத்தால் நெல் காய்ந்தாலும் கேட்கலாம், வீடு மூழ்கினாலும் கேட்கலாம். நான் எழுதுகிற நிரலில் பிழை வந்தால் எங்கோ ஒரு நாட்டில் ஒருவருடைய ஹோட்டல் முன்பதிவு இரண்டு தரம் விழும். கிளிநொச்சியில் அதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

மற்றத் தொழில்களுக்குக் கதவு ஒன்று இருக்கிறது, கதவில் காவலும் இருக்கிறது. மருத்துவர் இலங்கை மருத்துவ சபையில் பதியாமல் ஒரு பனடோல் கூட எழுதிக்கொடுக்க முடியாது. சட்டத்தரணி உயர்நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். சண்டை முடிந்து காணிக்குத் திரும்பி வந்தவர்களுக்கு நில அளவையாளரின் அருமை நன்றாகத் தெரியும். எல்லைக்கல் காணாமல் போன காணிக்கு, பதிவும் அனுமதிப்பத்திரமும் உள்ள அளவையாளர் கீறிக் கையெழுத்திட்ட படம்தான் நீதிமன்றத்தில் செல்லும். வேறு யார் எவ்வளவு வடிவாகக் கீறினாலும் அது வெறும் படம்.

கணினித் துறைக்கு அந்தக் கதவு இல்லை. சங்கங்கள் இருக்கின்றன. பிரித்தானியக் கணினிச் சங்கம் 1957இல் தொடங்கியது, 1984இல் அரச பட்டயம் பெற்றது. பல்கலைக்கழகம் கிடைக்காத எத்தனையோ இலங்கைப் பிள்ளைகள் அதன் பரீட்சைகளை எழுதித்தான் முன்னுக்கு வந்தார்கள். இலங்கைக் கணினிச் சங்கத்துக்கும் வயது குறைவில்லை, 1976இல் ஆரம்பித்தது. ஆனால் இவற்றில் சேர்வது அவரவர் விருப்பம். சேராவிட்டால் வேலை செய்யக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம், பொறியியல் தொழில் செய்கிறவர்கள் பதியவேண்டும் என்கிறது. கட்டடம், பாலம், மின்சாரம் பார்க்கிற நண்பர்கள் அதைப்பற்றி மும்முரமாகக் கதைப்பார்கள். நான் போன எந்த மென்பொருள் நேர்முகத்திலும் பதிவிலக்கம் என்று ஒரு கேள்வி வந்ததில்லை.

ஆகவே எங்கள் துறையில் ஒருவருக்குப் பதவிப்பெயர் கொடுப்பது யார்? சம்பளம் கொடுக்கிறவர். அவ்வளவுதான். மனிதவளப் பிரிவில் இருக்கிற ஒருவர் ஒரு சட்டகத்தில் எழுதிவைப்பார்: பயிலுநர், அசோசியேட், சொஃப்ட்வெயர் இஞ்சினியர், சீனியர், டெக் லீட், ஆர்க்கிடெக்ட். ஒரு கம்பனியில் ஆர்க்கிடெக்டாக இருப்பவர் பக்கத்துக் கம்பனிக்குப் போனால் வெறும் சீனியர். சம்பளம் கூட்டக் காசில்லாத வருடத்தில் பெயரைக் கூட்டிவிடுவார்கள். ‘லீட்’ என்று கடிதம் வரும். கீழே வேலை செய்ய ஒரு ஆள் கூட இருக்காது. முகநூலில் வாழ்த்து நிறையும், வங்கிக் கணக்கு அப்படியே இருக்கும். 2022இல் ரூபா சரிந்தபோது இதன் சாயம் நன்றாக வெளுத்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ரூபாவில் சம்பளம் வாங்கிய ஆர்க்கிடெக்டை விட, டொலரில் வாங்கிய சாதாரண டெவலப்பர் பெரிய ஆளாகிவிட்டார். அந்த மாதங்களில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. யாருக்கு என்ன பதவி என்று கேட்பதை விட, யார் வீட்டில் இன்வேர்ட்டர் இருக்கிறது என்று கேட்பதே எங்களுக்குள் முக்கியமாக இருந்தது.

இந்தப் பெயர்ச் சண்டை எங்கள் ஊரோடு நிற்பதில்லை. 1968 அக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் என்கிற இடத்தில் நேட்டோ ஏற்பாட்டில் ஒரு மாநாடு நடந்தது. அதற்கு ‘மென்பொருள் பொறியியல்’ என்று பெயர் வைத்தார்கள். வேண்டுமென்றே சீண்டுவதற்காக வைத்த பெயர் என்று அந்த மாநாட்டின் அறிக்கையே சொல்கிறது; பாலம் கட்டுகிறவர்களிடம் இருக்கிற ஒழுங்கு நிரல் எழுதுகிறவர்களிடம் வரவேண்டும் என்பது அதன் உட்பொருள். பிறகு, பாலம் கட்டுகிறவர்களுக்கே அந்தப் பெயர் உறுத்தத் தொடங்கியது. கனடாவில் இது நீதிமன்றம் வரை போனது. கியூபெக் மாகாணத்தின் பொறியியலாளர் அமைப்பு, மைக்ரோசொப்ட் தன் சான்றிதழில் ‘இஞ்சினியர்’ என்று போடுவதை எதிர்த்து வழக்காடி 2004இல் வென்றது. அல்பேட்டாவில் 2023இல் நடந்தது நேர்மாறு: மென்பொருள் பொறியியலாளர் என்று போட்டுக்கொள்வதைத் தடுக்க நீதிபதி மறுத்துவிட்டார். அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை. மென்பொருள் பொறியியலுக்கு உரிமப் பரீட்சை ஒன்றை 2013இல் கொண்டுவந்தார்கள். ஐந்து தடவை நடத்தினார்கள். எல்லாத் தடவையும் சேர்த்து எழுதியவர்கள் 81 பேர். அப்புறம் கடையை மூடிவிட்டார்கள். கோடிக்கணக்கான வரி நிரல் எழுதப்படுகிற நாட்டில், உரிமம் வேண்டும் என்று நினைத்தவர்கள் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு.

கதவு இல்லாதது குறை என்று சிலர் சொல்கிறார்கள். குறிப்பாக, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் நாலு வருடம் முறிந்து கணினிப் பொறியியல் படித்து வெளியேறிய நண்பன் ஒருவன். கணிதப் பிரிவில் அத்தனை பேரோடு போட்டி போட்டு, வெட்டுப்புள்ளி தாண்டி வந்தவன். அவனுக்கு முதல் கிடைத்த வேலை ‘அசோசியேட் கியூ.ஏ. இஞ்சினியர்’, அதாவது மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. அவனுக்கு மேலே இருந்த ‘சீனியர் இஞ்சினியர்’ கணக்கியல் படித்துவிட்டு யூடியூப் பார்த்து நிரல் பழகியவர். “நான் அப்ப எதுக்கு மச்சான் எந்திரவியலும் திரவவியலும் படிச்சனான்?” என்பான். கோபம் நியாயமானது. ஆனாலும் நான் அவன் பக்கம் இல்லை.

ஏனென்றால், அந்தக் கதவு இருந்திருந்தால் வன்னியில் இருந்து எத்தனை பேர் உள்ளே போயிருப்போம்? கொழும்புப் பிள்ளைகள் வீட்டில் வின்டோஸ் 95 பார்த்துக்கொண்டிருந்தபோது சண்டைக்குள் இருந்த எங்களுக்குப் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரம் என்றால் யாரோ வீட்டு ஜெனரேற்றர். 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கணினி என்பது கண்ணில் பட்டது. கணினி வகுப்புகள் முளைத்தன. பெடியள் ஒரு மேசைக்கு மூன்று பேராக இருந்து பழகினார்கள். 2006இல் பாதை மறுபடி பூட்டியது. அதற்குப் பிறகு 2009 வரை நடந்தது எல்லோருக்கும் தெரியும், இங்கே விரித்து எழுதவில்லை. முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே உயர்தரம் படித்த பிள்ளையையும், கொழும்பில் மூன்று ரியூசனுக்குப் போன பிள்ளையையும் ஒரே வாசலில் நிறுத்தி, பொறியியல் பட்டம் இருந்தால்தான் நிரல் எழுதலாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஐந்து வீத இடம் பல்கலைக்கழக அனுமதியில் ஒதுக்கப்படுகிறது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த ஐந்து வீதத்தைப் பதினாறு மாவட்டங்கள் பங்குபோடுகின்றன.

நாங்கள் வந்த வழிகள் வேறு. பம்பைமடுவில் இருந்த வவுனியா வளாகம், 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமானது. நான் அதற்கு முன்பு அங்கே படித்தவன், பொறியியல் பட்டம் இல்லை. சிலர் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை, வீட்டில் இருந்தே, பரீட்சைக்கு மட்டும் பஸ் ஏறிப் போய் முடித்தார்கள். 2016இல் அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வந்தது. உயர்தரம் சரிவராத பிள்ளைகள் அங்கே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. நாலு, ஐந்து என்று எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். விசுவமடுவில் போன் திருத்திக்கொண்டிருந்த தம்பி ஒருவன் இப்போது சேர்வர் பார்க்கிறான். இவர்கள் எல்லோருக்கும் நாளைக்கு ‘இஞ்சினியர்’ என்று ஒரு கம்பனி கடிதம் கொடுத்தால், கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. பெயர் மலிவாகிப் போவது, வாசல் பூட்டிக்கிடப்பதை விட எவ்வளவோ மேல்.

எனக்கு உறுத்துவது வேறு இடத்தில். பெயர் மலிந்திருக்கிற இதே துறையில், வேலையைச் செய்துகொண்டே பெயர் இல்லாமல் இருக்கிறவர்களைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை.

இதற்குப் பழைய கதையும் உண்டு. 1946இல் பிலடெல்பியாவில் எனியாக் என்கிற மின்னணுக் கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கணிதம் தெரிந்தவர்கள், கையேடு கூட இல்லாமல், மின்சுற்றுப் படங்களைப் பார்த்தே இயந்திரத்தைப் புரிந்துகொண்டவர்கள். அரசாங்கத் தரப்பட்டியலில் அவர்களுடைய வேலைக்கு ‘உப தொழில்சார்’ தரம். தொழில்சார் தரம் ஆண்களுக்கு. வெள்ளோட்டம் முடிந்து நடந்த இரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவும் இல்லை.

எங்கள் பிரதேச செயலகங்களில் இப்போது அந்தத் தரம் வேறு பெயரில் இருக்கிறது. அரசாங்கத்துக்கு இலங்கை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப சேவை என்று ஒரு சேவை உண்டு. மூன்றாம் வகுப்பில் தொடங்கி முதலாம் வகுப்பு வரை படி இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் இடையில் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை. மூன்றாம் வகுப்பு உதவியாளர் ஒருவரை எனக்குத் தெரியும். கந்தோரில் அவருக்குப் பெயர் ‘கொம்பியூட்டர் தம்பி’, வயது நாற்பதை நெருங்குகிறது. பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் அவர்தான், மாவட்டக் கூட்டம் சூமில் நடந்தால் சத்தம் வரவில்லை என்றாலும் அவர்தான், யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்தினாலும் அவர்தான். வெள்ள நிவாரணப் பட்டியலில் ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் வந்துவிட்டதா என்று எக்செல்லில் தேடிப் பிடிப்பதும் அவர்தான். அந்தக் கடைசி வேலை கொழும்பில் நடந்தால் அதைச் செய்கிறவருக்கு ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று கடிதம் கொடுப்பார்கள். இங்கே, “தம்பி, இதை ஒருக்கா பாருமன்” என்பதோடு சரி. அதே கந்தோரில் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் இருக்கிறார்கள், மரக்கன்று கணக்கெடுக்கிறார்கள். கம்பனிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டால், “அரச வேலை எண்டால்தான் வீட்டுக்குச் சந்தோசம்” என்கிறார்கள். தரகருக்கும் சந்தோசம்.

அதற்கும் கீழே கொமினிகேசன் கடை. கண்டி வீதியில் கரடிப்போக்கில் இருந்து டிப்போச் சந்தி வரை நடந்தால் எத்தனையோ கடைகள் வரும்: போட்டோகொப்பி, லமினேற்றிங், ரீலோட், ரைப் செட்டிங், ஒன்லைன் விண்ணப்பம். எனக்குப் பழக்கமான ஒன்றில் ஒரு தங்கச்சி வேலை செய்கிறாள். என்.வி.கியூ. நாலு முடித்தவள். ஒருநாள் பின்னேரம் பிரிண்ட் எடுக்கப் போய், கூட்டம் அதிகமாக இருந்ததால் பக்கத்தில் இருந்து அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர், பென் டிரைவோடு. உள்ளே சங்கத்தின் யாப்பு, யாரோ எப்போதோ பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும். எந்தக் கணினியிலும் ஒரேமாதிரித் தெரிகிற யூனிகோட்டில் கொண்டுவா என்று ஒரு திணைக்களம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவள் எழுத்துரு மாற்றியில் போட்டாள். மாற்றியில் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் அங்கேதான் தொடங்கினாள். நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் திகதிகளும் மாற்றியில் அகப்பட்டுத் தமிழ் எழுத்தாகச் சிதறியிருந்தன. கொம்பு தள்ளிப்போன இடங்கள், அட்டவணைக்குள் ஒரு பகுதி மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தது எல்லாம் கண்ணால் பார்த்தே பிடித்தாள். ரெங்கநாதன் என்கிற தமிழ் விசைப்பலகை அமைப்பில் விரல் பறந்தது. செயலாளருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. “பிரிண்ட் எடுத்தாச்சோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்து ஒரு தாயும் மகளும். பல்கலைக்கழக அனுமதிக்கு ஒன்லைன் விண்ணப்பம். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு குறியீடு. அதை விருப்ப ஒழுங்கில் வரிசைப்படுத்த வேண்டும். பிள்ளை கொண்டுவந்த கடதாசியில் கிடைக்க வாய்ப்புள்ள பாடநெறி ஒன்று, அவளுக்கே பிடிக்காத இன்னொன்றுக்குக் கீழே கிடந்தது. கடைக்காரத் தங்கச்சி விரலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நீங்கள் இதைத்தான் முதல் விரும்புறீங்களோ? மேல இருக்கிறது கிடைச்சால் கீழ உள்ளதுக்குக் கூப்பிட மாட்டினம்.” தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே போய், யாருக்கோ போன் எடுத்துக் கதைத்து, திரும்பி வந்து ஒழுங்கை மாற்றினார்கள். இரணைமடுக் கூட்டத்தில் பொறியியலாளருக்கு இருக்கிற பொறுப்பு இந்தப் பிளாஸ்ரிக் கதிரையிலும் இருந்தது. தவறினால் விசாரணைக் குழு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டணம் வாங்கியபோது பக்கத்துக்கு இவ்வளவு என்ற போட்டோகொப்பிக் கணக்கில்தான் வாங்கினாள்.

அவள் அவுஸ்திரேலியாவுக்குப் போக யோசிக்கிறாளாம், விவரம் கேட்டாள். அங்கே அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம்தான் திறனை மதிப்பிடுகிறது. மென்பொருள் பொறியியலாளருக்கு 261313, டெவலப்பர் புரோகிராமருக்கு 261312 என்று தொழிலுக்கு ஒவ்வொரு இலக்கம் இருக்கிறது. அவர்கள் கேட்கிற சேவைக் கடிதத்தில் பதவிப்பெயரை விட, என்னென்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம்தான் முக்கியம். கணினிப் பட்டம் இல்லாதவர்களிடம் கூடுதல் வருட அனுபவம் கேட்பார்கள். இதைச் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “பேர் இல்லாட்டியும் பரவாயில்லையோ அண்ணா?” என்றாள். பரவாயில்லை, ஆனால் செய்த வேலையை முதலாளி எழுத்தில் தரவேண்டும் என்றேன். இருந்து இரண்டு பேரும் ஒரு வரைவு எழுதினோம்: ஆவணங்களை யூனிகோட்டுக்கு மாற்றிச் சரிபார்த்தல், இணையவழி விண்ணப்பங்கள், சங்கக் கணக்குகளுக்கான விரிதாள், கடை வலையமைப்பைப் பராமரித்தல். அடித்து முடித்துப் பார்த்தால் ஒரு முழுப் பக்கம். அவளே கொஞ்சம் திகைத்துப்போனாள்.

முதலாளி நல்ல மனிசன், அவளுக்கு மாமா முறை கூட. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, எல்லாம் உண்மைதான். ஆனா இதில நான் கையெழுத்து வைச்சனெண்டால் நாளைக்கு இவள் இந்தப் பக்கத்தைக் காட்டிச் சம்பளம் கேப்பாள். ‘கணினி உதவியாளர்’ எண்டு ஒரு வரியில போட்டுத் தாறன், கொண்டுபோகச் சொல்லும்.”

அவள் ஒரு வரிக் கடிதத்தை வாங்கவில்லை. வரைவு இன்னும் கடைக் கணினியில் டெஸ்க்ரொப்பில்தான் இருக்கிறது. போன கிழமை போனபோது அதில் புதிதாக இரண்டு வரி சேர்த்திருந்தாள்.